ஊசி பிடித்த கை: அலெக்சிஸ் கரெல் வரலாறு

சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்து, குருதிச் சுத்திகரிப்பினால் உயிர் தாங்கி நிற்கும் ஒருவரின் முன்கையைத் தொட்டுப் பார்த்தவர் ஆங்கு ஓர் அதிர்வை உணர்ந்திருப்பர். தோலின் கீழே பருத்துப் புடைத்த குழாய் ஒன்று ஓடும். அதன்மேல் விரலை வைத்தால், மீட்டி நிறுத்திய வீணையின் குடத்திலே எஞ்சி நிற்கும் துடிப்பைப் போன்றதொரு துடிப்பு விரல்நுனியிலே தெரியும். நாள்தோறும் அத்துடிப்பைத் தாமே தொட்டறியுமாறு வைத்தியர்கள் அந்நோயாளருக்குக் கற்பித்திருப்பர். துடிப்பு இருப்பின் வழி திறந்திருக்கிறது என்பது பொருள். துடிப்பு அவியின் வழி அடைபட்டது என்பது பொருள்.

அத்துடிப்பு இயற்கை தந்ததன்று. மனிதர் கையால் ஆக்கப்பட்டது. இதயத்திலிருந்து குருதியைக் கொண்டு செல்லும் குழாயை நாடி என்றும், இதயத்துக்கு அதனை மீட்டுக் கொணரும் குழாயை நாளம் என்றும் உடற்றொழிலியல் நூலார் வழங்குவர். நாடியிலே குருதி விசையோடு ஓடும். ஆயின் அது ஆழத்திலே கிடத்தலின் அடிக்கடி ஊசி ஏற்றுதற்கு ஏற்றதாகாது. நாளம் தோலை அடுத்திருக்கும். ஆயின் அதில் ஓடும் குருதி சுத்திகரிப்புப் பொறிக்குப் போதாது. ஆதலின் சத்திரசிகிச்சை வல்லார் மணிக்கட்டின் அருகே நாடியையும் நாளத்தையும் ஒன்றோடொன்று இணைத்துத் தைக்கின்றனர். நாடியின் விசை நாளத்துட் பாய்கின்றது, நாளம் பருக்கின்றது. கிழமைக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு மணிநேரம், அவ்வழியே குருதி பொறிக்குச் சென்று தூய்மையுற்று மீள்கின்றது.

குருதிக் குழாய்களை ஒழுக்கும் அடைப்பும் இன்றித் தைக்கும் கலையை உலகுக்கு நிலைநாட்டிக் கொடுத்தவர் அலெக்சிஸ் கரெல் என்னும் பிரெஞ்சு நாட்டு வைத்தியர். அவர் வரலாறு புகழ்மாலை சூட்டி முடித்தற்கு உரியதன்று. அவர் கை செய்ததையும் அவர் எழுத்து மொழிந்ததையும் ஒருங்கு வைத்து எண்ணுவோர்க்கே அது பயன் தரும். மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் அவ்வாறு எண்ணுதல் இன்றியமையாதது என்பது எமது துணிபு.

பட்டு நகரத்துப் பிள்ளை

கரெல் 1873ஆம் ஆண்டு யூன் 28ஆம் நாள், பிரான்சு தேசத்திலே லியோன் நகருக்கு அணித்தான ஊரொன்றிற் பிறந்தார். லியோன் பட்டு நெசவுக்கும் பூவேலைக்கும் பெயர்பெற்ற நகரம். தந்தையாரும் துணி வணிகத்தில் ஈடுபட்டவரே. பிள்ளை சிறு பருவத்தில் இருக்கும்போதே அவர் இறந்துபட்டார். தந்தையின் பெயரையே பின்னர்த் தம் பெயராகக் கொண்டார் மைந்தர். தாயாரின் வளர்ப்பிலும் இயேசு சபையாரின் பள்ளியிலும் வளர்ந்து, லியோன் சர்வகலாசாலையிலே வைத்தியம் பயின்றார்.

அவர் மாணவராயிருந்த காலத்தில், 1894ஆம் ஆண்டு யூன் 24ஆம் நாள், லியோன் நகரிலே நடந்த பொருட்காட்சியைச் சிறப்பிக்க வந்திருந்த பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் சாடி கார்னோ வீதியிலே கத்தியாற் குத்துண்டார். கத்தி ஈரலை ஊடறுத்து, அதனுட் செல்லும் பெருநாளத்தையும் அறுத்தது. நகரத்துப் பெரும் சத்திரவைத்தியர்கள் கூடியிருந்தும் குருதிப் பெருக்கை நிறுத்த இயலவில்லை. சில மணிநேரத்தில் அவர் உயிர் நீங்கிற்று. ஒரு நாட்டின் தலைவர், தேர்ந்த வைத்தியர் சூழ்ந்திருக்க, ஒரு குழாயைத் தைக்க அறியாமையால் இறந்தார். கிழிந்த துணியைத் தைப்பது போலக் கிழிந்த குழாயையும் தைத்தல் கூடாதோ என்ற வினா அந்த இளைஞரின் உள்ளத்திலே முள்ளாய்த் தைத்தது. மூத்தோர் அதனைப் பொருட்படுத்தினாரில்லை.

அவர்கள் பொருட்படுத்தாமைக்குக் காரணமும் இருந்தது. குருதிக் குழாயைத் தைத்தல் துணியைத் தைத்தல் போன்றதன்று. குழாயின் உட்புறத்தே மெல்லிய தோலொன்று படர்ந்துள்ளது. அது பழுதின்றி இருக்குமளவும் குருதி உறையாது ஓடும். ஊசி அதனைக் கிழித்தாலோ, நூல் உள்ளே நீட்டி நின்றாலோ, குருதி அவ்விடத்தே உறைந்து வழியை அடைத்துவிடும். தையலை நெருக்கமின்றி இட்டால் குருதி ஒழுகும். நெருக்கி இழுத்தாலோ, சுருக்குப்பையின் வாய்க்கயிற்றை இழுத்தாற்போலக் குழாயின் வாய் ஒடுங்கிவிடும். ஒழுக்கு, உறைவு, ஒடுக்கம் என்னும் இம்மூன்றையும் ஒருங்கே வெல்லுதல் வேண்டும். முன்னிருந்தோர் சிலர் முயன்று ஓரளவு வெற்றியும் கண்டனர். ஆயினும் எவரும் நம்பிக் கையாளத்தக்க முறையொன்று அமையவில்லை.

பூவேலைக்காரியிடம் பாடம்

இங்கேதான் கரெலின் பெருமை தொடங்குகின்றது. வைத்திய நூல்களில் விடை காணாத அவர், தம் நகரத்துப் பூவேலைக்காரியாகிய லெருடியே அம்மையாரிடம் சென்றார். பட்டிலே நுண்ணிய தையல் இடும் அப்பெண்மணியிடம் ஊசி பிடிக்கக் கற்றார். சர்வகலாசாலைப் படிப்புடைய ஒருவர் கைவினைப் பெண்ணொருத்தியின் முன் மாணவராய் அமர்தல் அக்காலத்திலே எளிய செயலன்று. மிக நுண்ணிய ஊசியும் பட்டு நூலும் தேடிக்கொண்டார். கடதாசியிலும் தைத்துப் பழகினார் என்பர். நூல் குழாயின் உட்டோலை உராயாமலும் குருதி அதிற் பற்றாமலும் இருத்தற்பொருட்டு ஊசிக்கும் நூலுக்கும் மெழுகுநெய் பூசினார்.

அவர் கண்ட உபாயம் கேட்பதற்கு மிக எளியது. வட்டமான இரு வாய்களை இணைக்கும்போது ஊசி எதிர்ப்பக்கத்துச் சுவரையும் சேர்த்துக் குத்திவிடும், வாயும் சுருங்கும். ஆதலின் முதலில் வட்டத்தின் விளிம்பிலே சம தூரத்தில் மூன்று இடங்களைத் தெரிந்து, இரு குழாய்களையும் அம்மூன்று இடங்களில் முடிந்துகொண்டார். அம்மூன்று நூல்களையும் மெல்ல இழுத்தால் வட்டம் முக்கோணம் ஆகிவிடும். வளைந்த விளிம்பு நேர்க்கோடு ஆகும். நேர்க்கோட்டைத் தைத்தல் எளிது. ஒரு பக்கம் தைத்தபின் மறுபக்கம், அதன்பின் மூன்றாம் பக்கம். நூலைத் தளர்த்தியதும் முக்கோணம் மீண்டும் வட்டமாகும், வாய் சுருங்குவதில்லை. மாணவர்கள் மெல்லிய துணியால் இரு சிறு குழல்கள் செய்து இதனைத் தாமே சோதித்துப் பார்க்கலாம். முதலிற் சுற்றி வளைத்துத் தைத்து, பின்னர் முக்கோணமாக்கித் தைத்து நோக்கின், இதன் அருமை ஏட்டுக் கல்வியினும் தெளிவாய் விளங்கும்.

இம்முறையை 1902ஆம் ஆண்டில் லியோன் வைத்திய இதழிலே வெளியிட்டார். அதே ஆண்டில் நாயின் கழுத்து நாடியையும் கழுத்து நாளத்தையும் இணைத்துத் தைத்தமையும் வெளிவந்தது. நாடியின் குருதி நாளத்துட் பாய்ந்தது. இன்று சிறுநீரக நோயாளரின் கையிலே செய்யப்படும் இணைப்புக்கு அதனை ஒரு மூதாதை எனலாம். ஆயின் அவ்வாறு ஒரு பயன் விளையும் என்பதை அன்று யாரும் அறிந்திலர். குருதியைத் தூய்மையாக்கும் பொறியே அக்காலத்தில் இல்லை.

கடல் கடந்த வாழ்க்கை

1902ஆம் ஆண்டிலேயே அவர் வாழ்க்கையைத் திசை திருப்பிய நிகழ்ச்சியொன்று நேர்ந்தது. லூர்து தலத்துக்கு நோயாளரை ஏற்றிச் சென்ற புகைவண்டியிலே வைத்தியராய் உடன் சென்றார். மரணத் தறுவாயில் இருந்ததாகத் தாம் கருதிய இளம்பெண்ணொருத்தி அங்கே நலம் பெற்றதைக் கண்டார். கண்டதை மறையாது கூறினார். வைத்திய உலகினர் அவர் மூடநம்பிக்கைக்கு ஆளானார் என்றனர்; சமயத்தார் சிலரோ அவர் ஐயத்தோடு பேசுகின்றார் என்றனர். இரு சாராருக்கும் ஆகாதவரானார். வைத்தியசாலையில் நிலையான பதவி கிட்டவில்லை. 1904ஆம் ஆண்டில் தாயகத்தை நீங்கிக் கனடா சென்று, அங்கிருந்து சிக்காகோ சர்வகலாசாலையை அடைந்தார்.

சிக்காகோவில் சாள்ஸ் குத்ரி என்னும் ஆராய்ச்சியாளர் அவருக்குத் துணைவரானார். இருவரும் 1906ஆம் ஆண்டு வரை நாய்களிலும் பூனைகளிலும் இடையறாது சோதனை செய்தனர். நாளத்தின் ஒரு துண்டை எடுத்து நாடியின் இடையே வைத்துத் தைத்தனர். சிறுநீரகத்தை அதன் இடத்திலிருந்து நீக்கிக் கழுத்திலே பொருத்தினர். இவ்வுழைப்பிலே குத்ரியின் பங்கு பெரிது. பிற்காலத்துப் பரிசு கரெல் ஒருவருக்கே சென்றமை முறையோ என வரலாற்றாசிரியர் சிலர் இன்றும் வினவுவர்.

அச்சோதனைகளிலே அவர்கள் கண்ட உண்மையொன்று நம் பொருளுக்கு உயிர் போன்றது. நாளத்தின் சுவர் இயல்பிலே மெல்லியது. நாடியின் இடையே அதனை வைத்துத் தைத்தபோது, நாடியின் விசையைத் தாங்காது அது வெடித்துவிடும் என்று அஞ்சுதல் இயல்பே. ஆயின் வெடிக்கவில்லை. சில காலம் கழித்துத் திறந்து நோக்கியபோது அந்நாளத்தின் சுவர் தடித்திருந்தது. மெல்லியது தன்மேல் வந்த சுமைக்கு ஏற்பத் தன்னை வலிதாக்கிக் கொண்டது. கரெல் இதனை உடலின் தகவமைப்பாகக் கண்டு வியந்தார். வியத்தற்குரியதே. ஆயின் அத்தடிப்புக்கு மற்றொரு முகமும் உண்டு என்பதைக் காலம் பின்னரே காட்டிற்று. அதனைப் பின்னர் உரைப்பாம்.

1906ஆம் ஆண்டில் நியூ யோர்க் நகரத்து றொக்பெல்லர் வைத்திய ஆராய்ச்சி நிலையம் அவரை அழைத்தது. சத்திரசிகிச்சை அறையிலே ஒளி கண்ணைக் கூசாதிருத்தற்பொருட்டுத் தாமும் துணைவரும் கரிய உடை தரித்தே பணி செய்தனர். தூய்மையில் அணுவளவும் தளர்வதில்லை. அங்கே அவர் சிறுநீரக மாற்றத்தை மேலும் ஆராய்ந்தார். ஒரு நாயின் சிறுநீரகத்தை வெளியே எடுத்து அதே நாய்க்கு மீண்டும் பொருத்தி, மற்றைச் சிறுநீரகத்தை நீக்கினார். அந்நாய் ஈராண்டுக்கு மேல் உயிர் வாழ்ந்து குட்டிகளும் ஈன்றது. வேறொரு விலங்கின் சிறுநீரகத்தைப் பொருத்தியபோதோ, தையல் பழுதின்றி இருந்தும் உறுப்பு நிலைக்கவில்லை. தையலிலே குற்றமில்லை; உடலே அயலுறுப்பை ஏற்க மறுக்கின்றது என்பதை அவர் தெளிந்தார். அம்மறுப்பின் இயல்பைப் பீற்றர் மெடவர் என்னும் ஆங்கில அறிஞர் 1940களில் விளக்கினார். 1954ஆம் ஆண்டில் பொஸ்ரன் நகரிலே ஜோசப் மறே என்பவர் ஒத்த இரட்டையருள் ஒருவரின் சிறுநீரகத்தை மற்றவர்க்குப் பொருத்தி வெற்றி கண்டார். கரெல் நின்ற வாயில் திறத்தற்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு சென்றது.

நாய்களில் பயின்ற கை ஒரு குழவியின் உயிரையும் காத்தது. 1908ஆம் ஆண்டில் நியூ யோர்க் நகரிலே பிறந்து சில நாளே ஆன குழந்தையொன்று குருதி நில்லாது ஒழுகும் நோயினால் இறக்குந் தறுவாயில் இருந்தது. குருதியைச் சேமித்து வைத்து ஏற்றும் முறை அந்நாளில் இல்லை. கரெல் தந்தையின் மணிக்கட்டு நாடியைக் குழந்தையின் கால் நாளத்தோடு இணைத்துத் தைத்தார். தந்தையின் இதயம் தள்ளிய குருதி மகவின் உடலுட் சென்றது. வெளிறிய மேனி சிவந்தது, குழந்தை பிழைத்தது. அந்நாளம் தீக்குச்சியளவு பருமனும் உடையதன்று. அதனைத் தைத்த கை பூவேலைக்காரியிடம் பயின்ற கை என்பதை மறத்தலாகாது.

1912ஆம் ஆண்டில், குருதிக் குழாய்த் தையலுக்காகவும் குழாய்களையும் உறுப்புக்களையும் இடம் மாற்றிப் பொருத்தியமைக்காகவும், மருத்துவத்துக்குரிய நோபெல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 39.

விலங்குகளை வதைத்தல் தகாது என்று அக்காலத்திலேயே நியூ யோர்க்கில் பலர் ஆராய்ச்சி நிலையத்தை எதிர்த்துக் குரல் எழுப்பினர். கரெல் மயக்கமருந்து கொடுத்தே விலங்குகளை அறுத்தார். ஆயினும் அவற்றின் சம்மதத்தை யாரும் கேட்டதில்லை, கேட்கவும் இயலாது. அவ்வுயிர்களிடத்தே மனித குலம் பட்ட கடன் பெரிது. அக்கடனைச் சிறிதேனும் தீர்க்கும் வழி, அவை காட்டிய உண்மையைப் பொய் கலவாது போற்றுதலே. இவ்வளவையால் நோக்கினாற் கரெலின் பிற்கால வாழ்வு நமக்கு நெருடலைத் தருகின்றது.

புகழின் உச்சியும் சறுக்கலும்

முதலாம் உலகப் போர் மூண்டதும் கரெல் பிரெஞ்சுப் படையில் வைத்தியராய்ப் பணிபுரிந்தார். ஹென்றி டேக்கின் என்னும் இரசாயன அறிஞரோடு கூடி, புண்களை நச்சுநீக்கி நீரால் இடையறாது கழுவும் முறையை வகுத்தார். சீழ்ப் பிடித்துக் கையையும் காலையும் உயிரையும் இழக்க இருந்த போர்வீரர் பலர் அதனாற் காக்கப்பட்டனர். உயிர்க்கொல்லிக் கிருமிகளை அழிக்கும் மருந்துகள் தோன்றாத காலம் அது.

போருக்கு முன்னர், 1912ஆம் ஆண்டு சனவரி 17ஆம் நாள், கோழிக் கருவின் இதயத்திலிருந்து எடுத்த சிறு துணுக்கைக் கண்ணாடிக் கலத்திலே வளர்க்கத் தொடங்கினார். அவ்வளர்ப்பு அவர் இறந்த பின்னரும் தொடர்ந்து, 1946ஆம் ஆண்டு வரை நிலைத்தது. உயிரணுக்களுக்கு இயல்பிலே மரணம் இல்லை என்று உலகம் நம்பிற்று. ஆயின் 1961ஆம் ஆண்டில் லெனாட் ஹேபிளிக் என்பவர், சாதாரண உயிரணுக்கள் ஓர் எல்லைக்கு மேற் பெருகுவதில்லை என்று காட்டினார். நாள்தோறும் ஊட்டிய கருச்சாற்றோடு புதிய உயிரணுக்களும் கலத்துட் புகுந்திருத்தல் கூடும் என்று பின்வந்தோர் கருதினர். எவ்வாறாயினும், கரெலின் பெயருக்கு அஞ்சி மற்றையோர் தம் சோதனைகள் தோற்றபோது தம்மையே குறை கூறிக்கொண்டனர். ஒரு பெரியவரின் புகழ் உண்மையின் வாயை எத்தனை ஆண்டு அடைத்து வைக்கும் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

1935ஆம் ஆண்டு இரண்டு செயல்களால் அவர் வாழ்விலே குறிக்கத்தக்கது. முதலாவது, அத்திலாந்திக் கடலைத் தனியே விமானத்திற் கடந்த சாள்ஸ் லின்ட்பேர்க்கோடு கூடி, உடலிலிருந்து நீக்கிய உறுப்பை உயிரோடு வைத்திருக்கும் கண்ணாடிப் பம்பியொன்றை வெளியிட்டார். இரண்டாவது, மனிதனைப் பற்றிய நூலொன்றை எழுதினார். அறியப்படாத மனிதன் என்னும் பொருள்படும் பெயருடைய அந்நூல் பல மொழிகளிற் பெயர்க்கப்பட்டு மிகப் பலரால் வாசிக்கப்பட்டது.

அந்நூலிலே நல்லனவும் உண்டு. ஆயின் மனிதருள் வலியோரைப் பெருக்கி மெலியோரைக் குறைத்தல் வேண்டும் என்னும் கொள்கை அதில் ஊடுருவி நின்றது. கொடுங் குற்றவாளிகளையும், குற்றம் இழைத்த சித்தப் பிரமையுடையோரையும் நச்சுவாயு கொண்டு அகற்றிவிடலாம் என்று கூசாது எழுதினார். 1936ஆம் ஆண்டு வெளிவந்த செர்மானிய மொழிபெயர்ப்பின் முன்னுரையிலே அந்நாட்டு நாற்சி அரசின் நடவடிக்கைகளைப் பாராட்டவும் செய்தார். சில ஆண்டுகள் கழித்து அதே நாட்டிலே மனநோயாளரும் ஊனமுற்றோரும் பல்லாயிரவராய் வாயுவினாற் கொல்லப்பட்டனர் என்பதை உலகறியும். கரெல் அதனைச் செய்தவரல்லர். ஆயினும் மெலியோரின் உயிரை எடைபோட்டு விலை குறைத்த குரல்களுள் நோபெல் பரிசு பெற்றவரின் குரலும் ஒன்றாயிருந்தது.

நாயின் நாளம் வெடிக்குமோ தடிக்குமோ என்பதை அறிய ஆண்டுக்கணக்காய்த் தைத்துத் தைத்துப் பார்த்தவர், மனித சமுதாயத்தைப் பற்றிச் சொல்லும்போது ஒரு சோதனையும் செய்தாரில்லை, எவரையும் கேட்டாருமில்லை. பூவேலைக்காரியின் முன் அமர்ந்த பணிவு எங்கோ கைநழுவிப் போயிற்று. அறிவிலே ஒரு துறையில் வென்றவர் எல்லாத் துறைகளிலும் தீர்ப்புச் சொல்லத் தகுதியுடையார் என்று தாமும் எண்ணி, உலகமும் எண்ணும்போது விளையும் கேடு இதுவே.

1939ஆம் ஆண்டில் நியூ யோர்க் பணியினின்றும் ஓய்வு பெற்றார். பிரான்சு செர்மானியருக்கு அடிபணிந்த பின்னர், 1941ஆம் ஆண்டிலே தாயகம் திரும்பி, விசி அரசின் ஆதரவோடு மனிதப் பிரச்சினைகளை ஆராயும் நிறுவனமொன்றை நடத்தினார். 1944ஆம் ஆண்டு பாரிஸ் நகரம் விடுதலை பெற்றதும் பகைவரோடு ஒத்துழைத்தார் என்ற குற்றச்சாட்டு அவர்மேல் எழுந்தது. விசாரணை எதுவும் நிகழுமுன்னரே, நவம்பர் 5ஆம் நாள், இதய நோயினால் அவர் காலமானார். 1990களில் பிரெஞ்சு நகரங்கள் பலவற்றிலே அவர் பெயர் தாங்கிய வீதிகள் பெயர் மாற்றம் பெற்றன. அவர் பெயரிலே விளங்கிய லியோன் வைத்திய பீடமும் 1996ஆம் ஆண்டில் வேறு பெயர் கொண்டது.

மணிக்கட்டிலே எஞ்சிய தையல்

பெயர் நீங்கிற்று, தையல் நீங்கவில்லை. கரெல் இறப்பதற்கு ஓராண்டு முன்னர், 1943ஆம் ஆண்டிலே, செர்மானியர் வசப்பட்டிருந்த ஒல்லாந்து நாட்டிலே வில்லெம் கொல்ப் என்னும் இளம் வைத்தியர் செயற்கைச் சிறுநீரகப் பொறியை முதன்முதல் நோயாளர்க்குப் பயன்படுத்தினார். பொறி அமைந்தது, வழி அமையவில்லை. ஒவ்வொரு முறையும் புதியதொரு நாடியையும் நாளத்தையும் திறக்க வேண்டியிருந்தமையால், சில முறைகளில் குழாய்கள் தீர்ந்துபோயின. 1960ஆம் ஆண்டில் சியாற்றில் நகரத்து பெல்டிங் ஸ்கிரிப்னர் கையின் வெளியே நிலையாய் நிற்கும் தெப்லோன் குழாயை அமைத்தார். அது உயிர் காத்தது. ஆயினும் உறைவும் கிருமியும் அதனை அடிக்கடி கெடுத்தன. நியூ யோர்க் நகரத்து வைத்தியர்களாகிய பிரெஷியா, சிமினோ ஆகியோரும், சத்திரவைத்தியர் அப்பெல்லும், மற்றொரு துணைவரும், மணிக்கட்டின் நாடியையும் நாளத்தையும் தோலின் உள்ளேயே இணைக்கும் முறையை 1966ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இன்றும் அதுவே சிறந்த வழியாகப் போற்றப்படுகின்றது.

இங்கேதான் சிக்காகோவிலே கரெலும் குத்ரியும் கண்ட நாளத் தடிப்பு மீண்டும் தோன்றுகின்றது. நாடியின் விசை ஏறியதும் நாளம் பருத்து வலுப்பெறுதல் நன்மையே. இன்றேல் அதில் ஊசி ஏற்ற இயலாது. ஆயின் அத்தடிப்பு அளவு கடந்து, சுவரின் உயிரணுக்கள் உட்புறமாகப் பெருகினால் வழி ஒடுங்கிவிடும். உடல் தன்னைக் காத்தற்குச் செய்யும் செயலே காப்பை மூடும் செயலாகின்றது. ஒடுங்கிய இடத்தை உள்ளிருந்து விரிக்கச் சிறு பலூனைச் செலுத்துவர். அக்கருவியைச் செப்பஞ்செய்த அந்திரேயாஸ் குருண்ட்சிக்கும் நாய்களின் இதய நாடிகளிலே சோதித்த பின்னரே, 1977ஆம் ஆண்டில் சூரிச் நகரிலே மனித இதய நாடியிற் பயன்படுத்தினார். பலூன் திறந்த வழி பல நோயாளருக்குச் சில மாதங்களில் மீண்டும் ஒடுங்குகின்றது. ஆதலின் ஒடுக்கத்தைத் தடுக்கும் மருந்தைத் தேடி ஆராய்ச்சியாளர் இன்றும் விலங்குகளையே நாடுகின்றனர்.

அவற்றுட் பன்றி முதன்மை பெற்றது. அதன் கழுத்து நாடியையும் கழுத்து நாளத்தையும் செயற்கைக் குழாயினால் இணைத்தால், நாளத்தோடு சேரும் இடத்திலே சில கிழமைகளுக்குள் ஒடுக்கம் தோன்றிவிடும். கரெல் 1902இல் நாயிலே இணைத்த அதே இரு குழாய்கள் அவை. பன்றியின் குழாய்கள் மனிதக் குழாய்களுக்குப் பருமனில் ஒத்திருத்தலால், மனிதர்க்குரிய பலூனையும் கருவிகளையும் அங்கே சோதிக்கலாம். எலிகளின் குழாய்கள் மிகச் சிறியன. ஆயினும் அவற்றின் பரம்பரைக் கூறுகளை மாற்ற இயலுதலால், எந்த உயிரணு எதனால் தூண்டப்படுகின்றது என்பதை ஆராய அவை உதவுகின்றன.

இம்மாதிரிகளுக்கு எல்லையும் உண்டு. சோதனைப் பன்றி பெரும்பாலும் இளமையும் நலமும் உடையது. அதன் சிறுநீரகங்கள் பழுதற்றன. நோயாளரோ முதியவராயும், நீரிழிவு உடையவராயும், கழிவு தேங்கிய குருதியை உடையவராயும் இருப்பர். கிழமைதோறும் அவர் கையில் ஊசி ஏறுகின்றது. ஆதலின் விலங்கிலே வென்ற மருந்து மனிதரிலே தோற்றல் உண்டு. நாள ஒட்டுக்கள் தடிப்பதைத் தடுக்கும் ஒரு மருந்துமுறை 1990களில் முயல்களிலே நன்கு பயன்பட்டது. இதயத்துக்கு நாள ஒட்டுச் செய்துகொண்ட நோயாளரிற் சோதித்தபோது பயனில்லை என்பது 2005ஆம் ஆண்டில் வெளியாயிற்று. மறுதலையாக, பக்லிற்றக்செல் என்னும் மருந்து பூசிய பலூனொன்றைச் சுத்திகரிப்பு வழி ஒடுங்கிய 330 நோயாளரிடையே சாதாரண பலூனோடு ஒப்பிட்டனர். ஆறு மாத முடிவிலே, மருந்துப் பலூன் பெற்றோருள் நூற்றுக்கு 82 பேருக்கும், மற்றையோருள் நூற்றுக்கு 60 பேருக்கும் அவ்விடத்து வழி மீள்சிகிச்சையின்றித் திறந்திருந்தது என 2020ஆம் ஆண்டில் அறிவித்தனர். விலங்கு வினாவைக் கூர்மையாக்கும். விடையை நோயாளரிடமே பொறுமையோடு கேட்டறிதல் வேண்டும்.

அப்பொறுமையே கரெலின் வாழ்விலே ஒரு பாதியில் நிறைந்தும் மறுபாதியில் இன்றியும் கிடக்கின்றது. இப்போது நாம் அவரை எவ்வாறு மதிப்பது? தீயவற்றை எழுதினார் என்பதற்காக அவர் தையலைத் தள்ளுவோமாயின், நோயாளரின் கையிலே துடிக்கும் வழியை அறுத்தவராவோம். தையல் நன்று என்பதற்காக அவர் எழுதியதை மறைப்போமாயின், மெலியோர்க்குத் துரோகம் செய்தவராவோம். இரண்டையும் மாணவர்க்கு மறையாது சொல்லுதலே ஆசிரியர் கடன்.

சிறுநீரகம் இழந்து பொறியைச் சார்ந்து வாழும் ஒருவர், வலியோரையே பெருக்க விரும்பிய அந்நூலின் அளவைப்படி மெலியோருள் ஒருவரே. அவர் மணிக்கட்டிலே நாடியும் நாளமும் இணைந்திருப்பது அந்நூலை எழுதியவர் வளர்த்த தையற்கலையினால். கரெலின் எழுத்துக்குக் கரெலின் கையே மறுப்பாய் அமைந்துவிட்டது. நாளை காலையிலும் அந்நோயாளர் கண்விழித்து, மற்றைக் கையின் விரலைத் தம் மணிக்கட்டில் வைத்துத் துடிப்பு இருக்கின்றதா என்று பார்ப்பார்.